தடையும் பாயிரமும்

பாட்டுக் கட்டுதல் புலவர்க்கே உரிய தொழிலென்று தமிழர் ஒருகாலத்தும் வரையறுத்ததில்லை. ஏற்றம் இறைத்தவனும் தொட்டிலாட்டியவளும் பாடினர். கோயிலிற் கொடியேறும் நாளை நோக்கி ஊர்ச் சட்டம்பியாரும் ஊஞ்சற்பா இயற்றினார். அவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. கொட்டாஞ்சேனையிற் கடை நடத்துவோர், வெள்ளவத்தையில் ஓய்வூதியம் பெற்றிருப்போர், கொலன்னாவையிலிருந்து காலைதோறுங் கோட்டைக் கந்தோர்களுக்குப் பஸ் ஏறுவோர் எனப் பலர் தம் தொழில் முடிந்த பின்னர்ப் பாட்டெழுதுகின்றனர். ஒருவர் தம் ஊர்ப் பிள்ளையாருக்குப் பதிகம் பாடுவார். ஒருவர் ஆடிவேல் விழாவை நினைந்து காவடிச்சிந்து கட்டுவார். மற்றொருவர் வானொலிக்கேற்ற மெல்லிசைப் பாடலொன்றைப் பழைய நாட்குறிப்பேட்டின் வெற்றுப் பக்கங்களில் எழுதி வைத்திருப்பார். இவர்களை ஆர்வப் பாவலர் என்று கூறலாம். இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லை. ஆயினும் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றோர் பலரினும் இவர்களுடைய பாட்டே மக்கள் வாயில் மிகுதியும் பயில்கின்றது என்பதை, கோயில் வீதியில் ஒரு மாலை நின்று கேட்போர் அறிவர்.

இத்தகைய ஒருவர் தாம் எழுதிய பாட்டைக் கொணர்ந்து, "எப்படியிருக்கின்றது?" என்று வினவும்போது யாது கூறுதல் தகும்? இவ்வினா சிறியதுபோலத் தோன்றும். ஆனால் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதினின்றுந் தப்பியதில்லை. உள்ளதை உள்ளவாறே கூறவேண்டுமென்பார் ஒரு சாரார். எழுதியவர் மனம் நோகாவண்ணம் நல்லன மட்டுமே கூறவேண்டுமென்பார் மற்றொரு சாரார். முதற் சாரார் நக்கீரரைத் துணைக்கழைப்பர். இரண்டாஞ் சாரார் வள்ளுவரின் இனியவைகூறலைத் துணைக்கழைப்பர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மாறுபட்டன என்றும், ஒன்றைக் கொள்வோர் மற்றொன்றை விடவேண்டும் என்றுங் கொண்டு வாதிடுதலே பெருவழக்கு. நம் முன்னோர் அவ்வாறு கொள்ளவில்லை என்பதையும், இரண்டிற்கும் வேறுவேறு இடமும் காலமும் வகுத்திருந்தனர் என்பதையும் ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகின்றேன்.

நன்னூலார் பாயிரவியலிற் சிறப்புப்பாயிரம் இயற்றுதற்கு உரியார் இன்னார் என்று கூறுகின்றார். நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரைகண்டவன் என்போரே அவர். நால்வரும் நெருங்கியவர்களே என்பதை நோக்குக. தன்னைத் தானே புகழ்தல் தகாதாதலின், புகழும் பணி அன்பராயினார்க்கு விடப்பட்டது. ஆகவே பாயிரத்திற் குற்றங் காணப்படவில்லையே என்று எவரும் வியப்பதில்லை. அது குற்றங் காணும் இடமன்று. குற்றங் காணும் இடம் அரங்கேற்றம். ஆங்கு அவையோர் தடை எழுப்புவர். நூலாசிரியன் விடை கூறுவான். தடை என்பது வசை அன்று. விடை வேண்டி நிற்கும் வினா. தடையும் விடையும் நிகழ்ந்து முடிந்த பின்னரே பாயிரம் உரிய பொருளைப் பெற்றது.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரமே இதற்குச் சான்று. பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்ப நூல் அரங்கேறியது என்பதை அப்பாயிரம் மறைக்காது கூறுகின்றது. இதன்மேல் நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு உரைக்கின்றார். அகத்தியர் தொல்காப்பியர்மீது சினங்கொண்டு, அவருடைய நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியரோ கேட்டேயாகவேண்டும் என்று வற்புறுத்தினார். இருதலைக்கொள்ளி எறும்பு போன்ற நிலையடைந்த அவ்வாசான், கேட்பதும் குற்றங் கூறுவதும் என்ற வழியைக் கண்டார். கூறிய குற்றங்கட்கெல்லாந் தொல்காப்பியர் விடை பகர்ந்தார். வரலாறு எவ்வாறாயினும் ஆகுக. குற்றங் கூறவென்றே வந்து அமர்ந்த ஒருவருடைய பெயர் நூலின் முகப்பில் என்றும் நிற்கின்றது. புகழ்ந்துரைக்க வந்தோர் பலருடைய பெயர் அங்ஙனம் நிற்கவில்லை.

நமக்கு இன்னும் அணித்தான எடுத்துக்காட்டு கந்தபுராணமாகும். ஈழத்துக் கோயில்களில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன்சொல்ல ஓதப்பட்டுவரும் அப்புராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியபோது நிகழ்ந்ததாகக் கூறப்படுவது பலரும் அறிந்ததே. கச்சியப்ப சிவாசாரியாருக்கு முதலடியை எடுத்துக் கொடுத்தவர் முருகப்பெருமான் என்பது மரபு. அவ்வடியின் முதற்சொல்லிலேயே தடை பிறந்தது. திகழ் என்னுஞ் சொல்லும் தசம் என்னுஞ் சொல்லும் புணர்ந்து நின்ற முறைக்குத் தொல்காப்பியத்தில் விதியில்லையே என்று அவையிலிருந்த ஒருவர் எழுந்து வினவினார். "இறைவன் தந்த சொல்லையா வினவுகின்றாய்?" என்று எவரும் அவரை அடக்கவில்லை. அரங்கேற்றமே நின்றது. மறுநாட் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து வீரசோழியத்துச் சந்திப்படலத்தில் விதி காட்டிய பின்னரே மேற்கொண்டு நிகழ்ந்தது. அப்புலவராக வந்தவரும் முருகனே என்பர். தெய்வமே ஆயினும் விதி காட்டியே விடுபட வேண்டியிருந்தது! சைவபுராணத்துக்கு நேர்ந்த தடையை நீக்கிய வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றியது என்பதும், அதனை 1881ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கன.

ஆக, பழைய ஒழுங்கு இது: முதலில் தடை, பின்னர் விடை, அதன்பின் பாயிரம். ஏட்டுக்காலத்தில் இவ்வொழுங்கு இயல்பாக அமைந்தது. அரங்கேறிய பின்னரே படியெடுத்தல் நிகழ்ந்தமையால், அவையில் ஏற்றுக்கொண்ட திருத்தம் நூலிற் புகுதற்கு வழியிருந்தது. அச்சு வந்தபின் முறை தலைகீழாயிற்று. இக்காலத்து நூல் முதலில் அச்சாகின்றது. பின்னரே வெளியீட்டு விழா. விழாவிலே தடை எழுப்பி யாது பயன்? மையுங் காய்ந்துவிட்டது, அச்சகத்தாருக்குப் பணமுங் கொடுத்தாயிற்று. ஆதலின் அரங்கேற்றத்தின் ஒரு பாதியாகிய தடை கழன்று வீழ்ந்தது. மற்றைப் பாதியாகிய பாயிரம் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, முகவுரை, மதிப்புரை என்று ஐந்தாகப் பெருகிற்று. தடை முற்றாக மறைந்துவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. அது மண்டபத்துக்கு வெளியே, தேநீர் குடிக்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சில ஆண்டுகளின் முன் கொழும்பில் நிகழ்ந்த வெளியீட்டு விழா ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பாட்டுக்களை இயற்றியவர் வாழ்நாளெல்லாம் எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறியவர். இளைப்பாறும்போது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு 500 படிகள் அச்சிடுவித்திருந்தார். முன்பக்கங்களிற் பெரியோர் அறுவரின் வாழ்த்துக்கள் இருந்தன. முருகனை நோக்கி, என்னை மறவாதே என்று இரங்கும் பாட்டொன்றை இளம்பெண் ஒருத்தி மேடையிற் பாடினாள். மெட்டின் அடி "மற" என்னும் இடத்தில் விழுந்தது. அவள் அங்கே மூச்செடுத்தாள். "என்னை மற" என்று வேண்டுதல் முடிந்தது. "வாதே" என்பது அடுத்த தாளவட்டத்திலே தனித்து நின்றது. பல்லவியாதலின் இது பலமுறை நிகழ்ந்தது. முன்வரிசையில் இருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டனர். விழா முடிந்தபின், வாழ்த்துரை வழங்கியோரில் ஒருவரிடம் இதனைக் குறிப்பிட்டேன். கையெழுத்துப் படியிலேயே, மெட்டோடு பாடிக்காட்டக் கேட்டபொழுதே, தாம் அதனைக் கண்டதாகக் கூறினார். "வயதுபோன மனிசன், ஏன் நோகப்பண்ணுவான் எண்டு விட்டிட்டன்" என்றார். அவர் நல்லவர், பொய்யர் அல்லர். ஆயினும் அவர் காத்தது தம் நண்பரை அன்று. நண்பருடைய முகம் வாடுவதைத் தாம் காணாமற் காத்துக்கொண்டார்; அது வாடுவதற்கு வேறோர் இடமும் காலமும் வைத்தார்.

பாட்டைப் பொறுத்தவரையில் இக்கேடு ஏனைச் செய்யுளிலும் மிகுதி என்பதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். படிக்குங்காற் பிழையற்ற அடி பாடுங்காற் பிழைபடுதல் உண்டு. செய்யுளிற் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இசையில் இக்கணக்கு நில்லாது. எழுத்துக்கள் தம் அளவிறந்து ஒலித்தல் இசைநூலார் கண்ட வழக்கென்று தொல்காப்பியரே நூன்மரபின் இறுதியிற் கூறிவிடுகின்றார். இசைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அது எவ்விடத்து நீள்கின்றது என்பதிலேயே பாட்டுக் கட்டுவோன் திறமை உள்ளது. மெட்டின் நீட்டம் நெடிலின்மீது அல்லது மெல்லின ஒற்றின்மீது விழுமாயிற் சொல் கெடுவதில்லை. குறிலின்மீது விழுமாயின் மலை மாலையாகும், குடம் கூடமாகும், படம் பாடமாகும், வரந்தா என்று வேண்டவந்த அடியவர் வாரந்தா என்று குத்தகைக்காரர்போற் கேட்டு நிற்பார். வல்லின ஒற்றை நீட்டவே இயலாது. அவ்விடத்திற் பாடுவோர் ஏதேனும் ஓர் உயிரைச் செருகிக்கொள்ள நேரும். சொற்பிளவு இன்னொன்று. மறவாதே என்பது போலவே பிரியாதே என்பதும் இடையில் முறிந்தாற் "பிரி" என்னும் ஏவலாகிவிடும். எதிர்மறை விகுதி சொல்லின் பின்னே வருவது நம் மொழியின் இயல்பாதலின், முற்பாதியில் மூச்செடுத்தாற் பொருள் மறுதலைப்படும். இவற்றையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்துக் கண்ணாற் பார்ப்பவர் அறியார்; எழுதியவரும் அறியார், ஏனெனில் அவர் தம் பாட்டைத் தாம் பாடும்போது எங்கே மூச்சடக்க வேண்டுமென்று அறிந்தே அடக்கிக்கொள்வார். பிறர் ஒருவர் கேட்டுச் சொன்னாலன்றி இப்பிழை வெளிப்படாது. அப்பிறர் வாய்மூடியிருப்பது மென்மை ஆகுமா?

மென்மையுடையோர் வள்ளுவரைக் காட்டுவர் என்றேன். வாய்மை என்பது தீமையற்ற சொல் என்று அவர் இலக்கணங் கூறியது உண்மையே. குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவ்வதிகாரத்திற் கூறுகின்றார். ஆனால் அவர் இட்ட நிபந்தனை கடிது. குற்றமற்ற நன்மை விளையவேண்டும். கைம்முதல் செலவாகி, அவையில் நகைப்புக்கு இடமாகி, திருத்தவொண்ணாத 500 படிகள் அலுமாரியில் அடுக்கி வைக்கப்படுதல் அத்தகைய நன்மையன்று. மேலும் அவரே, நட்பென்பது நகைத்து மகிழ்தற்கு அன்று, எல்லை கடக்குமிடத்து முற்பட்டுச் சென்று இடித்துரைத்தற்கு என்று நட்பதிகாரத்தில் வரையறுத்திருக்கின்றார். "முற்பட்டு" என்பது கருதத்தக்கது. பிற்பட்டு இடித்துரைப்பது எவர்க்கும் எளிது.

இனி, மதிப்பிட வந்தவர் குற்றங் காண்பவராயும் மென்மையுடையவராயும் இருந்து இடர்ப்பட்ட ஒரு வரலாறு உண்டு. பாட்டுக் கட்டுவோர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய வரலாறு அது. ஆனந்ததாண்டவபுரத்துக் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய பின், அக்காலத்து மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815 - 1876) சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றார். பிள்ளையவர்களுக்கு அந்நூலிற் குறைகள் தோன்றின. இலக்கண வழுக்கள் இருந்தன. சேக்கிழார் கூறாத வேதியப் பண்ணையார் ஒருவர் புகுந்து நந்தனாரை வருத்துகின்றார். பெரியபுராணத்தோடு கதை இயையவில்லை. இந்நூலுக்குப் பாயிரம் வழங்க அவருக்கு மனம் வரவில்லை. நேரே மறுத்துரைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே பிறகு பார்க்கலாம் என்று நாள் கடத்தினார். பாரதியாரோ சலியாது பலமுறை வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலிற் கண்ணயர்ந்திருக்க, பாரதியார் வெளித் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனையைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். உள்ளே விழித்துக் கொண்ட பிள்ளையவர்கள் கேட்டார், கேட்டு உருகினார், எழுந்து வந்து பாயிரம் பாடிக் கொடுத்தார். பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் இதனை எழுதி வைத்திருக்கின்றார்.

இவ்வரலாற்றை, பக்தி இலக்கணத்தை வென்றது என்று கூறி முடித்துவிடுவோர் பலர். எனக்கு அவ்வளவில் அமைதியில்லை. பிள்ளையவர்கள் கண்ட வழுக்கள் பாட்டைக் கேட்டபின் மறைந்துவிடவில்லை, அவை வழுக்களே. ஆனால் அவர் கண்ணாற் படித்து மதிப்பிட்டது ஒரு நூலை. பாரதியார் இயற்றியதோ செவிக்குரிய ஒன்றை. விருத்தத்துக்கு உரிய தராசிலே கீர்த்தனையை நிறுத்தமையாற் குறைந்து நின்றது. திண்ணையில் அமர்ந்து பாடிய அன்றுதான் அதற்குரிய அரங்கேற்றம் நிகழ்ந்தது எனலாம். பாட்டைப் பாடக் கேளாமல் அதன்மீது தீர்ப்புக் கூறுதல், எத்துணை நேர்மையாகக் கூறினும், நேர்மையாகாது என்று இதிலிருந்து அறிகின்றோம். அன்றியும், நாள் கடத்தியது பிள்ளையவர்களின் மென்மை. இன்ன இடத்தில் இன்ன வழு என்று முதல் வருகையிலேயே கூறியிருந்தாராயின், பாரதியார் விடை கூறியிருப்பார் அல்லது திருத்தியிருப்பார். ஒரு முதியவர் பன்முறை வீணே நடந்திருக்கவேண்டியதில்லை. (சாமிநாதையர் இளமையிற் பாரதியாரிடம் சங்கீதம் பயின்றதும், பிள்ளையவர்கள் அதனை விரும்பாமையால் விட்டுவிட்டதும் நாம் அறிந்ததே. அவ்விரு பெரியோரின் திண்ணைகளுக்கிடையே தமிழின் இரு பகுதிகள் பிரிந்து கிடந்தன.)

இறையனார் களவியலுரை கூறும் உருத்திரசன்மர் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நாற்பத்தொன்பதின்மர் உரைகளில் மெய்யுரையைத் தேர ஐயாட்டை ஊமைப் பிள்ளை ஒருவனை இருத்தினர். மதுரை மருதனிளநாகனார் உரைத்தபோது ஒரோவிடத்துக் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான்; நக்கீரனார் உரைத்தபோது பதந்தோறும் அவ்வாறாயினான். வாய்பேசாதவனே மிகச் செம்மையான மதிப்பீட்டாளனாயினான். புகழவும் பழிக்கவும் அவனுக்குச் சொல்லில்லை. ஒரோவிடத்து, பதந்தோறும் என்று இடஞ்சுட்டிக் காட்டியதே அவன் செய்தது.

கடுமையின் பக்கத்தையும் நோக்குவோம். நம் இலக்கிய உலகிற் கடுமைக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தின்மேல் எழுதிய மறுப்புக்குச் சூறாவளி என்றே பெயர். வள்ளலார் பாடல்கள்மீது நாவலரவர்கள் 1869இல் தொடுத்த போர் நீதிமன்றம்வரை சென்றது. கற்றோர் கற்றோரோடு பொருதவை இவை. இரு தரப்பாரும் படைக்கலம் உடையோர். ஆர்வப் பாவலரிடத்து அதே வாளை எடுத்து வீசுதல் வேறு. பள்ளிகளுக்கிடையே நடந்த மெல்லிசைப் பாடலாக்கப் போட்டியொன்றில், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மழையைப் பற்றி எழுதிய பாடலை நடுவர் ஒருவர் உயர்த்திப் பிடித்து, இது பாட்டன்று, வானிலை அறிக்கை என்றார். மண்டபம் சிரித்தது. நடுவர் கூறியது முழுப்பொய்யுமன்று. அப்பாடலின் பிற்பகுதி நன்னூலார் கூறும் சென்றுதேய்ந்திறுதல் என்னுங் குற்றமுடையதே. ஆனால் எவ்வடியில் தேய்ந்தது, யாது செய்தாற் தேயாது என்பது அவர் சொல்லில் இல்லை. அம்மாணவி அதற்கு விடை கூறவியலாது. ஏனெனில் அது தடையன்று. அவள் அதன்பின் எழுதக் காணேன். முதலிரண்டு அடிகளில் ஓட்டுக்கூரையின் ஒழுக்குக்குக் கீழே வைத்த பாத்திரங்களின் ஓசையை அவள் அமைத்திருந்த விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது. நன்னூலார் மாணாக்கரைப் பகுக்குமிடத்து, பாலைக் கொண்டு நீரை விடும் அன்னத்தையும், நெய்யை விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் பன்னாடையையும் கூறினார். மாணாக்கரை மட்டும் ஏன் அவ்வாறு பகுக்கவேண்டும்?

தருமியின் கதை வேறு வகையானது. 1965இல் வெளிவந்த திருவிளையாடல் திரைப்படம் அதனை நகைச்சுவையாக்கி எல்லோர் உள்ளத்திலும் பதித்துவிட்டது. நாகேஷ் தருமியாகவும், இயக்குநர் ஏ. பி. நாகராசனே நக்கீரராகவும் நடித்தனர். அக்கதையில் எல்லோரும் நக்கீரரின் அஞ்சாமையையே வியப்பர். தருமி ஏன் வாயடைத்து நின்றான் என்பதை நான் மாணவரிடம் வினவுவதுண்டு. பாட்டு அவனுடையதன்று, அதனாலேயே கூந்தலின் மணத்தைப் பற்றிய தடைக்கு அவனிடம் விடையில்லை. தான் கட்டிய பாட்டின் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கின்றது என்பதைக் கட்டியவன் அறிவான். திரைப்பாடலின் சொற்றொடர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக இரவல் வாங்கிக் கோத்தவர்கள் எளிய தடைக்கும் நிலைகுலைவதை இக்காலத்துக் கூட்டங்களிற் காண்கின்றோம்.

தடை எழுப்புவோன் எந்த அளவுகோலைக் கையிற் கொண்டிருக்கின்றான் என்பது இன்னுமொரு சிக்கல். இதற்கு நம் கொழும்பிலேயே, சகோதர மொழியில், ஒரு வரலாறு உண்டு. 1952ஆம் ஆண்டில் இலங்கை வானொலியார் தம் கலைஞரைத் தரம்பிரிக்க லக்னோவிலிருந்து இரத்தன்ஜன்கர் என்னும் இந்துஸ்தானி இசைப் பேராசிரியரை வரவழைத்தனர். சிங்கள மெல்லிசையின் முன்னோடியாகிய சுனில் சாந்த (1915 - 1981) அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். அவர் இந்துஸ்தானி இசை அறியாதவரல்லர். சாந்திநிகேதனத்திலும் லக்னோவிலும் கற்றுத் தேறியவர். கற்றதை ஒதுக்கி வைத்துவிட்டு, சிங்கள மொழியின் ஓசைக்கேற்ற எளிய இசையொன்றை நாடியவர். அந்நாட்டத்தோடு பிறந்த பாடலை இராகத் தேர்ச்சியால் அளப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் நிலை. வானொலியின் கதவு அவருக்கு அடைபட்டது. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்கு மீண்டார். தேர்வாளர் தம் துறையில் நேர்மையாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாழம்பூவைத் தாமரையின் இதழெண்ணிக்கை கொண்டு தேர்ந்தாற் குற்றம் பூவினதன்று. கோயிற் பஜனைக்கு எழுதப்பட்ட பாட்டிலே படிமம் இல்லையென்று குறைகூறும் நம் இளம் விமரிசகரையும், மெல்லிசைப் பாடலிற் கலித்துறை இலக்கணந் தேடும் நம் பழைய பண்டிதரையும் இவ்வரலாற்றைப் படிக்குமாறு வேண்டுவேன்.

அச்சுக்கு முந்திய தடையை மீண்டும் நம் வழக்கிற் கொணர்தல் இயலுமா? இயலும் என்றே எண்ணுகின்றேன். பெரிய அமைப்பொன்றும் வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற பெருமன்றங்கள் விழாக்களுக்கு உரியன. தடைக்கு ஒரு வீட்டின் முன்விறாந்தையும் எட்டுப்பத்துப் பேரும் போதும். உருதுக் கவிஞரிடத்து, இளையவர் தம் கவிதையை ஆசானிடங் கொடுத்துத் திருத்தம் பெறும் இஸ்லாஹ் என்னும் வழக்கம் இருந்தது. மிர்ஸா காலிப் (1797 - 1869) தம் மாணாக்கருடைய கவிதைகளைத் தபாலிற் பெற்று, சொல்லை மாற்றி, மாற்றியதன் காரணத்தையும் எழுதித் திருப்பி அனுப்புவார். காரணத்தையும் எழுதுதல் என்பதே அதன் உயிர். தனிக் கடிதமாதலின் அவையிற் கூசவேண்டிய நிலையும் நேர்வதில்லை. நம்மவர் பெரும்பாலும் இதற்கு மாறாகச் செய்வர்: காரணங் கூறாத புகழை மேடையிலும், காரணங் கூறாத இகழை வீதியிலும்.

பாட்டு வேறொருவர் வாயாற் பாடப்பட இயற்றியவர் வாளாவிருந்து கேட்கவேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். மேலே கூறியவாறு, மூச்சடக்கிப் பிழையை மறைக்கும் வாய்ப்பு அப்போது அவருக்கு இல்லை. தம் சொல் பிறர் நாவில் எங்கே முறிகின்றது என்பதைத் தம் செவியாலேயே கேட்பார். பாதித் தடைகளை எவரும் எழுப்பவேண்டிய தேவையே இராது. எஞ்சிய தடையும் இன்ன அடி, இன்ன சொல் என்று சுட்டப்படுதல் வேண்டும். பாட்டு முழுவதையும் ஒரே சொல்லாற் போர்த்துவது, அச்சொல் "அருமை" ஆயினும் "குப்பை" ஆயினும், தடையாக ஏற்றுக்கொள்ளப்படலாகாது. நன்றாயமைந்த அடியையும் அவ்வாறே சுட்டிக் கூறுதல் வேண்டும்; மழைப்பாட்டு எழுதிய மாணவிக்கு அந்தப் பாத்திரங்களின் ஓசையை எவரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால் எஞ்சிய அடிகளை அவளே அழித்து எழுதியிருப்பாள். பின்பு நூல் அச்சாகுங்கால், தடை எழுப்பியவரிடமே பாயிரம் பெறுதல் நன்று. அவர் எழுதும் நான்கு வரி, கேளாது எழுதுவோரின் ஆறு வாழ்த்துரைக்கு ஈடாகும்.

யப்பானிய ஹைக்குக் கவிஞர் கூடுங் குகாய் என்னும் அவையில் இன்னொரு முறை உண்டு. ஒவ்வொருவரும் பெயரிடாது எழுதிய கவிதைகளைக் கலந்து, பிறர் கையெழுத்திற் படியெடுத்து, எல்லோரும் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்த பின்னரே எழுதியவர் பெயர் வெளியாகும். ஆசானுடைய கவிதை எவராலும் தேரப்படாது கிடப்பதும், புதிதாக வந்தவருடையது மேலெழுவதும் அங்கே நிகழக்கூடியன. இதனை நம்மிடையேயும் செய்துபார்க்கலாமே என்று நண்பரொருவர் கூறினார். செய்தும் பார்த்தோம். படியெடுத்தவர் கையெழுத்து எழுதியவரை மறைத்தது உண்மை; பாட்டு மறைக்கவில்லை. எங்களுள் ஒருவர் எதை எழுதினும் மூன்றாம் அடியிற் பூங்குயிலைக் கூவவைப்பார். குயில் கூவியவுடன் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.